இருபத்தேழாம் பொட்டலத்துக் காராமணி

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவளாம். கூடத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுகிறார்கள், பெரிய மெஷின் ஒன்று வந்திருக்கிறது, அதற்கு இடம் வேண்டும் என்று பழைய அலமாரிகளைக் காலி செய்கிறார்கள் என்றாள்.

"அக்கா, உங்க பேர் எழுதின ஒரு பாட்டில் கெடக்குது. உள்ள கலர் கலரா காராமணி. தூக்கிப் போட்டுடலாமா?"

"தொட்டுப் பாரு, அங்கேயே வந்து கைய ஒடிக்கிறேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, "அப்ப அது என்னன்னு எழுதிக் குடுங்க அக்கா, லேபிள் ஒட்டணும்" என்றாள். லேபிளில் அடங்கிற சங்கதி இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். புது மெஷின் வந்ததில் எனக்கு வருத்தம் கிருத்தம் ஒன்றும் கிடையாது. நான் ஒரு மாதம் முதுகு வளைந்து செய்த வேலையை அது ஓரிரு நாளில் செய்கிறதாம். நன்றாகச் செய்யட்டும். வெள்ளிக் கரைசலில் என் விரல் நகம் பத்தும் கறுத்துப் போனது எனக்குத்தானே தெரியும்.

என் பெயர் தனலட்சுமி. சேக்காட்டில் பிறந்து, சேக்காட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். என் அம்மா ஆவடி சுற்று வட்டாரத்தில் களை பறித்தவள். விதைப்பு, அறுப்பு இல்லாத நாளில் வீடு வீடாகப் போய்ப் பயறு புடைத்துக் கொடுப்பாள். நானும் கூடப் போவேன். முறத்தில் பரப்பினால் கல், மண், சொத்தை, நிறம் மாறினது எல்லாம் எங்கள் கண்ணில் தானாகப் படும். அம்மா பொறுக்கின பயறில் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் காட்டமுடியாது என்று நாலு தெருவில் பேர். எனக்கும் அந்தக் கை வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அந்தக் கையைப் பற்றித்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். கழுவிக்கொண்டே தபாலில் தாவரவியல் பட்டம் முடித்தேன். பிப்பெட் பிடிக்க விட்டார்கள், பிறகு டி.என்.ஏ.வை நகலெடுக்கிற பி.சி.ஆர். மெஷினைத் தொட விட்டார்கள், பிறகு ஜெல் ஊற்ற விட்டார்கள். ஜெல்லுக்கு வந்த பிறகு அந்த மேஜையிலிருந்து என்னை யாராலும் எழுப்ப முடியவில்லை. தற்பெருமைதான், இருந்தாலும் சொல்கிறேன்: நான் ஊற்றிய ஜெல்லில் பட்டை கோணலாக ஓடியதில்லை.

அது சும்மா வந்த பேர் இல்லை. எங்களுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் தகடு அடிக்கிற கம்பெனி. அவர்கள் பிரஸ் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எங்கள் மேஜை மேல் இருக்கிற தண்ணீரில் வட்டம் போடும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஜெல் உறையும்போது அந்த அதிர்வு பட்டால் ஜெல் பாழ். படித்தவர்கள் எல்லாம் ரப்பர் வைத்துப் பார்த்தார்கள், மணல் மூட்டை வைத்துப் பார்த்தார்கள். நான் ஜன்னல் வழியாக அந்தக் கம்பெனியைப் பார்த்தேன். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடிப்பார்கள். அதிலிருந்து முக்கால் மணி நேரம் பிரஸ் ஓடாது. மணி அடிக்கும்போது என் கையில் கரைசல் தயாராக இருக்கும், அவர்கள் கை கழுவித் திரும்புவதற்குள் என் ஜெல் உறைந்திருக்கும். அத்தனை வருடமும் நான் மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குத்தான் சாப்பிட்டேன்.

எங்கள் கூடத்தில் பார்க்கிற மார்க்கர் என்றால் என்ன என்று பலர் கேட்பார்கள். பெரிய வித்தை இல்லை. செடியின் டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். ஒரு செடியில் பத்து முறை வந்தால் இன்னொரு செடியில் பதினாறு முறை வரும். அந்தத் துண்டை மட்டும் நகலெடுத்து ஜெல்லில் ஓடவிட்டால், சின்னத் துண்டு முன்னால் போகும், பெரிய துண்டு பின்தங்கும். ஆவடி பஸ்ஸில் ஒல்லியானவன் இடுக்கில் நுழைந்து முன்னால் போய்விடுவான் இல்லையா, அதுதான். ஜெல்லை வெள்ளிக் கரைசலில் முக்கினால் துண்டு நின்ற இடம் ஒரு பட்டையாகத் தெரியும். எங்கே நின்றது என்று பார்த்தால் எந்தச் செடி எதற்குச் சொந்தம், எது எதிலிருந்து வேறு என்று சொல்லலாம்.

எங்கள் தலைவர் சண்முகவடிவு மேடம். திருநெல்வேலிக்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது முக்கியமாக ஏதாவது சொல்ல வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை மேல் கவிழ்த்து வைப்பார். அதற்கப்புறம் நாம் சொல்லி முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டார். நோட்டுப் புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். "முடிவு தெரிஞ்ச பொறவு ஆரம்பத்தப் பாத்தாத்தான் ஓட்டை தெரியும்" என்பார். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவார். அடித்தல் திருத்தல் இருந்தால் அதற்கும் தனிக் கையெழுத்து. எனக்கு அவரிடம் பயம் இல்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போடாமல் மூடி வைத்த பக்கத்தைப் பார்த்தால் சோறு இறங்காது.

அவர் எடுத்த வேலைதான் காராமணி. திருவள்ளூர் வட்டாரத்துக் குடியானவர்கள் வைத்திருக்கிற காராமணி விதைகளில் எவ்வளவு வகை இருக்கிறது என்று மார்க்கர் வைத்துப் பார்ப்பது. கோயம்புத்தூரிலிருந்து வந்த கார்த்திகேயன் அதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தான். அவன் ஊர் ஊராக அலைந்து நாற்பது பொட்டலம் சேகரித்து வந்தான். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு படிவம். இருபத்தேழாம் பொட்டலம் முத்தாபுதுப்பேட்டை ஏழுமலை அண்ணன் கொடுத்தது.

நாற்பது பொட்டலத்தையும் என் மேஜையில் வைத்து, "சுத்தம் பண்ணி, பொட்டலத்துக்குப் பத்து விதை மாடியில மொளைக்கப் போட்டுருங்க அக்கா" என்றான் கார்த்திகேயன். சுத்தம் என்றால் மண், தூசி, வண்டு துளைத்தது. அதைத்தான் அவன் சொன்னான்.

எனக்குச் சுத்தம் என்றால் அம்மா சொல்லிக் கொடுத்த சுத்தம். தட்டில் கொட்டினேன். சிவப்புக்கு நடுவே ஒரு கறுப்பு, ஒரு புள்ளி போட்டது, ஒரு வெள்ளை. விரல் தானாகப் போனது. வாய் பேசிக்கொண்டிருக்க, காது ரேடியோ கேட்டுக்கொண்டிருக்க, கை பொறுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு நாளில் நாற்பது பொட்டலமும் பளிச்சென்று ஆகிவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரே நிறம். கார்த்திகேயன் பார்த்துவிட்டு, "அக்கா கை பட்டா தனிதானுங்க" என்றான். நான் பூரித்துப் போனேன்.

பொறுக்கினதை எல்லாம் ஒரு காலி பாட்டிலில் போட்டேன். பயறைக் குப்பையில் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நவராத்திரிக்குச் சுண்டல் பண்ணலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். வண்டு வந்து ஆய்வுக்கூடம் முழுக்கப் பரவிவிடக்கூடாதே என்று ஈரம் உறிஞ்சும் நீலக் கல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, மூடியை இறுக்கி, என் பெயரை எழுதி அலமாரியில் வைத்தேன். நவராத்திரிக்கு மறந்துபோனேன்.

அடுத்த ஒன்றரை வருடம் வேலை மளமளவென்று நடந்தது. இலையைத் திரவ நைட்ரஜனில் அரைத்து, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, குளோரோஃபார்ம் நெடியில் கண் எரிந்து, கடைசியில் குளிர்ந்த ஆல்கஹாலில் வெள்ளை நூலாக டி.என்.ஏ. எழும்பி வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நூலைக் கண்டால் எனக்குச் சந்தோஷம். நானூறு செடி. ஒவ்வொன்றுக்கும் முப்பது மார்க்கர். முடிவு பிரமாதமாக வந்தது. பொட்டலத்துக்குள் பத்துச் செடியும் அநேகமாக அச்சு அசலாக ஒன்று. பொட்டலத்துக்குப் பொட்டலம்தான் வித்தியாசம். கார்த்திகேயன் ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தான். இந்த வட்டாரத்துக் காராமணியில் குடியானவர் வீட்டு விதைக்குள்ளே வகை கிடையாது, ஆகையால் ஒவ்வொரு பொட்டலத்திலும் கைப்பிடி விதையைப் பாதுகாத்து வைத்தால் போதும் என்பது சாராம்சம்.

அப்போதுதான் ஒரு சித்திரை மாதம் ஏழுமலை அண்ணன் படியேறி வந்தார். மேடம் அன்று வெளியூரில். கார்த்திகேயன் மாடியில். வாசலில் என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"எம்மா, ரெண்டு வருசத்துக்கு மின்னாடி ஒரு தம்பி வந்து என்னாண்ட காராமணி வாங்கிகினு போச்சு. வோணும்னா திருப்பிக் குடுக்கறேன்னு சொல்லிச்சு. இப்ப வோணும்மா."

விளைச்சலில் பங்கு கொடுத்து அவர் வாரத்துக்குப் பயிர் வைத்த நிலத்தை உடையவர் மனை போட்டு விற்றுவிட்டாராம். வீடு மாறும்போது விதைப் பானை மழையில் நனைந்து, மொத்தமும் பூசணம் பிடித்துவிட்டதாம். ஒரு கம்பெனி வாசலில் காவலுக்குப் போய்க்கொண்டிருந்தவருக்கு இப்போது ஊர்க் கடைசியில் அரை ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்திருக்கிறது.

"கடைல விக்கிற வெதய போட்டா ஒரே நேரத்துல பூத்து ஒரே நேரத்துல காஞ்சிடுது. மழை தப்பிச்சின்னா அம்புட்டும் போச்சு. என்து அப்பிடி இல்லமா. எங்கப்பா காலத்துலேந்து வெச்சிகினு இருந்தது. ஆடிப் பட்டத்துக்குள்ள குடுத்தீன்னா புண்ணியமா போவும்."

நான் பெருமையாக இருபத்தேழாம் எண் டப்பாவைக் கொண்டுவந்து திறந்து, அவர் உள்ளங்கையில் கொட்டினேன். ஒரே அளவு, ஒரே சிவப்பு. அவர் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா இது?"

"உங்க வெததாண்ணா. நல்லா சுத்தம் பண்ணி வெச்சிகிறோம்."

"இது என்து இல்லமா. இதுல பாதிகூட இல்ல. என்துல கறுப்பு கீது, புள்ளி கீது, பொடி கீது. செவப்பு மின்ன வந்துரும், கறுப்பு நின்னு தண்ணியில்லாம தாங்கும். எல்லாம் சேந்து போட்டாதாம்மா ஏதாச்சும் ஊடு வந்து சேரும். மீதி எங்க?"

மீதி எங்கே என்று எனக்குத் தெரியும். அலமாரியில் மூன்றாவது தட்டில், என் பெயர் எழுதி.

"மேடம் வந்ததும் கேட்டு சொல்றேண்ணா" என்று அனுப்பிவிட்டேன். அவர் அந்தச் சிவப்பு விதையை ஒன்று விடாமல் டப்பாவில் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எஸ்டேட்டில் கடைசல் பட்டறையில் இருந்தார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத்தான்."

"அப்ப வாய மூடிகினு கெட. அடுத்த மாசம் உன்னிய நெரந்தரம் ஆக்கப் போறாங்கோ. இந்நேரத்துல போயி நானே கெடுத்தேன்னு சொல்லிகினு நிக்கப் போறியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கூடத்தில் அத்தனை வருடமும் நான் தற்காலிகம்தான். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அந்த மனிதர் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்ததை எதில் மறைப்பது? என் ஜெல் கோணாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். ஜெல் நேராகத்தான் ஓடியது. ஓடவிட்ட விதைதான் கோணல்.

மறுநாள் காலை மேடம் அறைக்குப் போனேன். "கொஞ்சம் பேசணும் மேடம்" என்றதும் கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்தார். ஒன்று விடாமல் சொன்னேன். முடித்ததும் மூன்று கேள்வி கேட்டார்.

"எல்லாப் பொட்டலத்துலயும் பொறுக்கினீங்களா?"

"ஆமா மேடம்."

"நெறத்த மட்டும் பாத்தா, இல்ல அளவையும் பாத்தா?"

"ரெண்டையும் பாத்து."

"பொறுக்கினது எங்க?"

பாட்டிலை மேஜை மேல் வைத்தேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து படிவக் கட்டிலிருந்து இருபத்தேழை உருவினார். விதை நிறம் என்ற இடத்தில் கார்த்திகேயன் கையெழுத்தில் "கலப்பு" என்று இருந்தது. நான் அந்தப் படிவத்தைப் பார்க்கவே இல்லை. எழுதினவனும் மறந்துபோயிருந்தான். ஒப்பம் போட்டவர் மேடம்.

"நோட்டக் கொண்டாங்க. என்ன செஞ்சீங்களோ அத அப்படியே எழுதுங்க" என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அழுகதுன்னா எழுதி முடிச்சிட்டு அழுங்க, மை கலைஞ்சிரும்" என்றார்.

எழுதினேன். அவர் வாங்கிப் படித்தார். அதற்குக் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: "நிறம் பார்த்துப் பொறுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை." அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு நான் அந்த அம்மாளுக்குக் கட்டுப்பட்டேன். இன்றைக்கும் அப்படித்தான்.

கார்த்திகேயனுக்கு வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. "என்னங்க அக்கா இப்படிப் பண்ணீட்டீங்க?" என்று ஒரே ஒரு முறை கேட்டான். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து, "படிவத்தை நானும் பார்க்கலைங்களே" என்றான்.

இப்போது பிரச்சினை ஏழுமலை அண்ணன் விதை. மற்ற முப்பத்தொன்பது பேரிடமும் திரும்பப் போய்க் கேட்டால் புதிதாகக் கிடைக்கும். இவரிடம் மட்டும் கிடையாது. டப்பாவில் இருக்கிற சிவப்பு போக, அந்த விதையின் மீதி உலகத்திலேயே எங்கள் பாட்டிலுக்குள்தான் இருக்கிறது, மற்ற முப்பத்தொன்பது ஊர் விதையோடு கலந்து. அதிலிருந்து அவருடையதைப் பிரிக்க வேண்டும்.

மேடம்தான் வழி சொன்னார். "ஒரே நெலத்துல வருசக்கணக்காச் சேந்து நின்ன செடிங்க. காராமணி தன்னுக்குள்ளேயே காய்க்கும், ஆனா அத்தி பூத்தாப்புல ஒரு தேனீ இதுல இருந்து அதுக்குப் போயிருக்கும். சொந்தக்காரங்க மூக்கு மாதிரி ஏதாவது ஒண்ணு பொதுவா இருக்கணும்." பழைய ஜெல் படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினோம். இருபத்தேழாம் பொட்டலத்துச் சிவப்புச் செடிகளில் மூன்று மார்க்கர்களில் மட்டும் வேறு எந்தப் பொட்டலத்திலும் இல்லாத பட்டை இருந்தது. அந்த மூன்று பட்டையில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் இருபத்தேழு என்று ஒத்துக்கொள்வது என்றார் மேடம். "ஒத்தச் சாட்சிய நம்பி எவனாவது வீட்ட எழுதிக் குடுப்பானா?"

அதோடு இன்னொன்றும் செய்தார். ஏழுமலை அண்ணனை வரவழைத்தார். பாட்டிலில் இருந்த முந்நூற்றுப் பதினெட்டு விதையையும் எண் போட்ட குழித் தட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்தோம். அவர் தன்னுடையது எது என்று காட்ட வேண்டும். எண்ணை மேடம் மட்டும் குறித்துக்கொண்டு, உறையில் போட்டு ஒட்டிப் பீரோவில் வைத்தார். ஜெல் படிக்கிற எனக்கும் கார்த்திகேயனுக்கும் தெரியக்கூடாது. எங்களை வெளியே நிற்க வைத்துவிட்டார். கதவு இடுக்கில் பார்த்தேன். அண்ணன் விதையின் முதுகைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் நகத்தால் திருப்பி, அந்தக் கண்ணைச் சுற்றி இருக்கிற வளையத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். வெள்ளை விதை வந்தபோதெல்லாம், "இது என்து இல்ல, எங்க நெலத்துல வெள்ள கெடையவே கெடையாது" என்று அடித்துச் சொன்னது வெளியே எங்களுக்கே கேட்டது.

போகும்போது என்னிடம் வந்து நின்றார். அதற்குள் மேடம் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்.

"நீதான் பொறுக்கினியாமே?"

"ஆமாண்ணா. மன்னிச்சிருங்க."

"எங்க ஊட்லயும் இப்பிடித்தான். கொழம்புக்குப் பொறுக்கற கை வெதைக்கும் போவும்னு பானையவே ஒசரத்துல கட்டி வெச்சிகினு இருந்தேன்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முந்நூற்றுப் பதினெட்டையும் மாடியில் காகிதக் கோப்பைகளில் போட்டோம். நான் தினம் இரண்டு தடவை ஏறிப் பார்ப்பேன். இருநூற்றுச் சொச்சம் முளைத்தது. சுண்டலுக்கென்று வைத்த பயறு இவ்வளவு முளைத்ததே பெரிசு, அந்த நீலக் கல் பொட்டலம்தான் காப்பாற்றியது. இலை வெட்டி, அரைத்து, ஜெல் ஊற்றினேன். மணி அடித்தது, பிரஸ் நின்றது, ஜெல் உறைந்தது. அந்த மாதம் முழுவதும் நான் ஊற்றிய ஜெல்லைப்போல் முன்னும் ஊற்றவில்லை, பின்னும் ஊற்றவில்லை. ஒவ்வொரு படத்தையும் நான் தனியாகப் படித்தேன், கார்த்திகேயன் தனியாகப் படித்தான். இரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் கணக்கில் சேர்த்தோம்.

இருபத்தொன்பது செடி தேறியது.

மேடம் உறையைப் பிரித்தார். ஏழுமலை அண்ணன் காட்டினவற்றில் முளைத்தது முப்பத்து மூன்று. அதில் இருபத்தாறை ஜெல்லும் ஒத்துக்கொண்டது. ஏழுக்கு எங்களிடம் சாட்சி இல்லை. அவருடையதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஜெல் சொன்னதில் பாக்கி மூன்று, அவர் அடித்து இல்லை என்று சொன்ன வெள்ளை. மூன்றிலும் மூன்று பட்டையும் இருந்தன.

"ஜெல்லு தப்பா இருக்குமோ?" என்றார் மேடம் என்னைப் பார்த்து. அது கேள்வி இல்லை, என் வாயால் கேட்கவேண்டும் என்று கேட்டது.

"இல்ல மேடம். ஜெல் சரி" என்றேன். அத்தனை நாள் கழித்து எனக்கு என் குரல் திரும்பி வந்தது அப்போதுதான்.

அந்த ஆடிப் பட்டம் தவறிப் போனது. இருபத்தொன்பது செடியும் காய்த்து, காய்ந்து, விதை எடுக்கிறதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. மார்கழியில் ஏழுமலை அண்ணனைக் கூப்பிட்டோம். மனைவி அஞ்சலையோடு வந்தார். கார்த்திகேயன் அந்த விதையையும் டப்பாவில் இருந்த சிவப்பையும் வகை வகையாகப் பிரித்து, ஆறு உறையில் போட்டு, சிவப்பு, கறுப்பு, புள்ளி என்று அழகாக எழுதி வரிசையாக வைத்திருந்தான். கடைசி உறை வெள்ளை.

"இத்த எடுத்துடு தம்பி, இது என்து இல்லன்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார் அண்ணன்.

அஞ்சலை அக்கா அந்த உறையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். "யோவ், சும்மா கெட. இது எங்கம்மா ஊட்டு வெத. நாந்தான் போட்டேன்."

"நீயா? எப்ப?"

"கல்யாணம் ஆன வருசத்துலேந்து. வருசா வருசம் ஒரு புடி உன் பானைல கலந்து உடுவேன். வெள்ள காராமணி இல்லாம இன்னாத்த கொழம்பு வெக்கறது?"

"இத்தினி வருசமா என்னாண்ட சொல்லவேல்ல?"

"நீ கேக்கவேல்ல. வெதைக்கறதும் நானு, அறுப்புல வெள்ளைய மின்னாடியே அள்ளிக்கறதும் நானு, உனுக்கு எங்க தெரியும்?"

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கார்த்திகேயன் குறிப்பேட்டை எடுத்து எதையோ எழுத ஆரம்பித்தான். அவன் ஆய்வேட்டில் பிற்பாடு எல்லாரும் மெச்சிய அத்தியாயம் அங்கேதான் தொடங்கியது. ஒரு குடும்பத்து விதைப் பானைக்குள் எத்தனை வகை, அது எப்படி வந்து சேர்ந்தது என்று மற்ற முப்பத்தொன்பது ஊருக்கும் மறுபடி போய் எழுதினான்.

ஏழுமலை அண்ணன் தோள் துண்டை மேஜையில் விரித்தார். ஆறு உறையையும் ஒவ்வொன்றாகத் துண்டில் கவிழ்த்தார். நாங்கள் ஆறு மாதம் பிரித்ததை, இரண்டு கையையும் விட்டு நாலே சுற்றில் கலந்தார். கார்த்திகேயனுக்கு வாய் திறந்தபடி இருந்தது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தார் அண்ணன். அன்றைக்குப் பார்த்த அதே பார்வைதான்.

"இது என்து" என்றார். "இது நம்ப ஊட்டு வெததாம்மா."

உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவவேண்டிய பாத்திரம் ஏதும் இல்லாமலே கை கழுவினேன்.

என்னை நிரந்தரம் ஆக்கினார்கள், ஒரு வருடம் தள்ளி. அந்த நோட்டுப் பக்கம் கமிட்டி முன்னால் வந்ததாம். ஒருவர், "இவங்க தப்பு பண்ணினதை இவங்களே எழுதியிருக்காங்களே" என்றாராம். "அதுக்காகத்தான் இவங்களக் கேக்கேன்" என்றாராம் மேடம். ஆய்வுக்கூடத்துச் செய்முறைத் தாளில் முதல் வரியாக, 'நிறம், அளவு பார்த்து விதையைப் பொறுக்கக் கூடாது' என்று இருக்கிறதே, புதிதாக வந்த பெண்ணே, அதை எழுதினது நான். பாட்டிலில் மிச்சம் இருப்பது, கோப்பைகளில் தோண்டிக் காயவைத்து நான் திரும்பப் போட்ட முளைக்காத விதைகள். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. முளைக்காததால் வீண் என்று எனக்குத் தோன்றவில்லை, உங்கள் புது மெஷினுக்கு ஒரு துளி மாவு போதுமாமே. லேபிளில் 'நாற்பது ஊர், ஊர் தெரியாது' என்று எழுதி ஒட்டு.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். அந்த மார்கழியில் விதைத்த ஏழுமலை அண்ணன் பங்குனிக் கடைசியில் மறுபடி படியேறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. விதை வாங்கினால் அறுப்பில் ஒரு படியாவது திருப்பிக் கொடுக்கிறது அவர்கள் வழக்கம். நான் வாங்கித் தட்டில் கொட்டினேன். சிவப்பு, கறுப்பு, புள்ளி, பொடி, அஞ்சலை அக்காவின் வெள்ளை, எல்லாம் இருந்தன. புதிதாகப் பழுப்பில் ஒன்றும் இருந்தது. எங்கிருந்து வந்ததோ, யார் கலந்தாரோ.

"எம்மா" என்றார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. "பொறுக்காம வெய்யி."

"செரிண்ணா" என்றேன்.

தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு விதை, பச்சையாக, சுருங்கி, மற்ற எதோடும் சேராமல் கிடந்தது. என் விரல் கிளம்பிவிட்டது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் அப்படியே பொட்டலத்தில் போட்டு ஒட்டச் சொல்லிக் கார்த்திகேயனைக் கூப்பிட்டேன்.